கோடு போடாத பாதை: பேஸ்பால் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: பேஸுக்குப் பேஸ் ஓடும்போது கொடுக்கப்பட்ட அவுட். நியூ ஜெர்சியில் 16 வருடமாகச் சனிக்கிழமை தோறும் சிறுவர் ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்கிறேன். எங்களுக்குள்ளேயும் அதிகம் வாக்குவாதம் வருவது இந்த ஓட்டத்தில்தான். அதனால் இந்த மாதம் முழுக்க ஓட்டம் பற்றிய கேள்விகளையே எடுத்துக்கொண்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: பந்தை அடித்தவர் மூன்று பேஸையும் வரிசையாகத் தொட்டு, கிளம்பிய இடமான ஹோம் பிளேட்டுக்கே திரும்பினால் ஒரு ரன். அப்படி ஓடுகிறவர்தான் ரன்னர்.

என் பையனுக்கு 11 வயது. இரண்டாவது பேஸிலிருந்து மூன்றாவதுக்கு ஓடும்போது, பந்தோடு வந்தவனிடம் மாட்டாமல் வளைந்து ஓடிப் பேஸைத் தொட்டான். பாதையை விட்டு விலகிவிட்டான் என்று அவுட் கொடுத்தார்கள். அடுத்த வாரம் அதே மாதிரி ஓடினான், வேறொரு அம்பயர் சேஃப் என்றார். எது சரி? (ஒரு தாய், ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்)

இரண்டுமே சரியாக இருக்கலாம் அம்மா. மழுப்புகிறேன் என்று நினைக்காதீர்கள், விளக்குகிறேன்.

டேக் செய்ய, அதாவது பந்தோடு தொட வருகிறவரிடமிருந்து தப்பிக்க ரன்னர் தன் பாதையிலிருந்து 3 அடிக்கு மேல் விலகினால் அவுட். இந்த 3 அடி எல்லோருக்கும் தெரியும். எந்தப் பாதையிலிருந்து 3 அடி என்பதில்தான் குழப்பம். இரண்டு பேஸுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டினால் வரும் நேர்கோடுதான் பாதை என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பல பயிற்சியாளர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். விதிப் புத்தகம் வேறு மாதிரி சொல்கிறது. டேக் செய்யும் முயற்சி தொடங்கும் நொடியில் ரன்னர் எங்கே இருக்கிறாரோ, அந்த இடத்திலிருந்து அவர் போக வேண்டிய பேஸுக்கு ஒரு நேர்கோடு. அதுதான் பாதை. அதற்கு முன்னால் அவர் எவ்வளவு அகலமாக வளைந்து ஓடியிருந்தாலும் கேள்வியே கிடையாது.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, 12 வயதுப் பிள்ளைகளின் ஆட்டம். இரண்டே அம்பயர்கள். நான் ஹோம் பிளேட்டில், இன்னொருவர் உள் மைதானத்தில். முதல் பேஸில் ஒரு பையன். அடித்த பந்து வலது பக்கம் போனதும் அவன் இரண்டாவது பேஸை அகலமாகச் சுற்றி மூன்றாவதுக்குக் கிளம்பினான். அந்த ஆட்டத்தை மூன்றாவது பேஸில் பார்ப்பது என் வேலை, ஓடிப்போய் நின்றேன். இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டரான ஷார்ட்ஸ்டாப் பந்தை வாங்கிக்கொண்டு கையை நீட்டினான். பையன் லேசாக முதுகை வளைத்து, புல் ஓரமாகவே ஓடி வந்து பேஸில் சறுக்கினான். இரண்டு பேஸுக்கும் நடுவே இருக்கிற கோட்டிலிருந்து அவன் 5 அடியாவது தள்ளி ஓடியதை நான் பார்த்தேன். முஷ்டியை உயர்த்தி அவுட் கொடுத்தேன். அதே நேரத்தில் அங்கிருந்து என் கூட்டாளி இரண்டு கையையும் விரித்து சேஃப் காட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு பெஞ்சிலிருந்தும் சத்தம். நாங்கள் இருவரும் பிட்ச்சர், அதாவது பந்து வீசுகிறவர், நிற்கும் மேட்டுக்குப் பின்னால் போய் நின்றோம். அவர் என்னைவிட 10 வயது மூத்தவர். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அவன் கை நீட்டினப்போ பையன் எங்கே இருந்தான்?" யோசித்துப் பார்த்தேன். கை நீட்டும்போதே அவன் 4 அடி வெளியேதான் இருந்தான். அங்கிருந்து அவன் விலகியது ஒரு அடி இருக்கும், அவ்வளவுதான். நான் அளந்தது தப்பான கோட்டிலிருந்து. தீர்ப்பை மாற்றி, பையனை மூன்றாவது பேஸில் நிறுத்தினோம். எதிரணிப் பயிற்சியாளர் ஆட்டம் முடியும்வரை என்னோடு பேசவில்லை.

உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன். டேக் முயற்சி எப்போது தொடங்கியது? பந்தோடு ஒருவன் அவனை நோக்கி நாலு எட்டு ஓடி வந்தபோதா, கிளவுஸை நீட்டியபோதா? இதில் அம்பயருக்கு அம்பயர் அரை நொடி வித்தியாசம் வரும். அந்த அரை நொடியில் ஓடுகிற பையன் பல அடி போய்விடுவான், கோடும் அவனோடு நகர்ந்துவிடும். கபடியில் லாபிக் கோடு தரையில் போட்டிருக்கும், காலை வைத்தானா இல்லையா என்று ஊரே பார்க்கலாம். இங்கே கோடு அம்பயரின் மனதில் மட்டும்தான் இருக்கிறது. ஒரு எட்டு வைத்துக் கையை நீட்டினாலும் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டானா என்று பார்ப்பது என் பழக்கம். பையனிடம் இப்படிச் சொல்லுங்கள்: அகலமாகச் சுற்ற வேண்டுமானால் பந்து வருவதற்கு முன்பே சுற்றிவிடு. பந்தோடு ஒருவன் எதிரே வந்துவிட்டால் அதன் பிறகு நேராக ஓடு.

பந்தும் காலும் ஒரே நேரத்தில் வந்தால் ரன்னருக்குச் சாதகம் என்று என் கணவர் சொல்கிறார். விதியில் அப்படி இருக்கிறதா? (ஒரு வாசகி, எடிசன்)

அந்த வாக்கியம் புத்தகத்தில் எங்கும் கிடையாது. கிரிக்கெட்டில் சந்தேகம் வந்தால் பேட்ஸ்மேனுக்கு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம், அதனால் இதுவும் நமக்கு இயல்பாகப் படுகிறது.

ஆனால் உங்கள் கணவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பந்தை அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடுகிறவருக்கான விதி, அவர் பேஸைத் தொடும் முன்னால் அவரோ அந்தப் பேஸோ பந்தோடு தொடப்பட்டால் அவுட் என்கிறது. சரிசமமாக வந்தால் 'முன்னால்' என்பது நடக்கவில்லை, ஆகவே சேஃப். ஆனால் பின்னால் ஒருவர் வருவதால் அடுத்த பேஸுக்குப் போயே தீர வேண்டிய ரன்னருக்குப் பல வருடமாக விதி புரட்டிப் போட்டு எழுதப்பட்டிருந்தது: ஃபீல்டர் அவரையோ பேஸையோ தொடும் முன் அவர் அடுத்த பேஸை அடையத் தவறினால் அவுட். சரிசமமாக வந்தால் அவர் முன்னால் அடையவில்லை, ஆகவே அவுட்! ஒரே புத்தகம், இரண்டு வாக்கியம், எதிரெதிர் முடிவு. அம்பயர்கள் கூடுமிடங்களில் இதை வைத்து மணிக்கணக்கில் பேசுவார்கள்.

மைதானத்தில் நடப்பது வேறு. முதல் பேஸில் நிற்கும்போது என் கண் பேஸ் மேல்தான் இருக்கும், பந்தின் மேல் இருக்காது. பந்து கிளவுஸில் விழும் சத்தத்தைக் காதால் பிடிக்க வேண்டும். கால் பேஸில் பதிவதைக் கண் பார்க்கும். சத்தம் முந்தியதா, கால் முந்தியதா, இதுதான் தீர்ப்பு. ஏதாவது ஒன்று முந்தியதாகத்தான் எனக்கு எப்போதும் பட்டிருக்கிறது. கூட்டம் கத்துகிற நாளில் சத்தம் கேட்காது, அன்றைக்குத்தான் கஷ்டம்.

முதல் பேஸைத் தாண்டி ஓடிய பிறகு இடது பக்கம் திரும்பினால் டேக் செய்யலாமா? (நேப்பர்வில், இல்லினாய்)

எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பது பொருட்டே இல்லை. இரண்டாவது பேஸுக்குப் போக முயன்றாரா என்பதே கேள்வி. முயலாமல் உடனே திரும்பி வந்தால் அவர் பத்திரம். இதில் வரும் சண்டையெல்லாம் 'முயன்றார்' என்ற சொல்லுக்குத்தான். ஒரு தோள் சாய்வு போதும் என்பார் ஒருவர். ஒரு எட்டாவது வைக்க வேண்டும் என்பேன் நான்.

உயரே போன பந்தை ஃபீல்டர் பிடித்து முடிக்கும்வரை ரன்னர் காத்திருக்க வேண்டும் என்கிறார் எங்கள் பயிற்சியாளர். (அதே ஊர், இன்னொரு வாசகர்)

வேண்டாம். பந்து ஃபீல்டர் மேல் முதலில் பட்ட நொடியிலேயே கிளம்பலாம். இல்லாவிட்டால் ஒருவர் பந்தைக் கையிலேயே தட்டித் தட்டிக்கொண்டு உள் மைதானம்வரை ஓடி வந்துவிடலாம், ரன்னர் பேஸில் கட்டிப்போட்டது போல நிற்க வேண்டியதுதான்.

2013 உலகத் தொடரில் தரையில் விழுந்து கிடந்தவர் மேல் தடுக்கி விழுந்ததற்காக ஒரு ஆட்டமே முடிந்துபோனது. கிடந்தவர் என்ன செய்ய முடியும்? எனக்கு இன்றுவரை ஆறவில்லை. (பாஸ்டன் ரசிகர், மாசசூசெட்ஸ்)

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தத் தீர்ப்பு சரி என்றே நம்புகிறேன்.

பார்க்காதவர்களுக்காக: உலகத் தொடர் என்பது பெரிய லீக்கின், அதாவது அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின், இறுதித் தொடர். அக்டோபர் 26, செயின்ட் லூயிஸ், மூன்றாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்கின் கடைசிப் பாதி, 4-4. ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் பாஸ்டன் கேட்ச்சர் சால்டலமாக்கியா மூன்றாவது பேஸுக்கு எறிந்த பந்து, அங்கே நின்ற ஃபீல்டர் வில் மிடில்புரூக்ஸைத் தாண்டிப் போய்விட்டது. பாய்ந்தவர் குப்புற விழுந்து கிடந்தார். மூன்றாவது பேஸுக்கு வந்திருந்த செயின்ட் லூயிஸ் ரன்னர் ஆலன் கிரெய்க் எழுந்து ஹோமுக்கு ஓட முயன்றபோது அவர் மேல் தடுக்கி விழுந்து, மறுபடி எழுந்து ஓடினார். பந்து அவருக்கு முன்பே ஹோமுக்கு வந்துவிட்டது, டேக்கும் செய்தாகிவிட்டது. ஆனால் மூன்றாவது பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் தடுக்கிய நொடியிலேயே தடங்கல் என்று கைகாட்டியிருந்தார். ஹோம் பிளேட் அம்பயர் டேனா டெமுத் அதைப் பார்த்துவிட்டுக் கிரெய்கை சேஃப் என்றார். செயின்ட் லூயிஸுக்கு 5-4 வெற்றி.

உங்களைப் போன்றவர்கள் கேட்பது, அவர் வேண்டுமென்றா செய்தார் என்று. விதியில் 'வேண்டுமென்றே' என்ற சொல்லே இல்லை. கையில் பந்து இல்லாத, பந்தைப் பிடிக்கும் முயற்சியிலும் இல்லாத ஃபீல்டர் ரன்னரின் ஓட்டத்தைத் தடுத்தால் அது தடங்கல், அவ்வளவுதான். பாய்ந்து, பந்தைத் தவறவிட்டு, தரையில் கிடந்து ரன்னரைத் தாமதப்படுத்துகிறவரை விதியின் விளக்கக் குறிப்பே உதாரணமாகக் காட்டுகிறது. அந்த மனிதர் அந்தரத்தில் மறைந்துபோக முடியாதுதான். அவர் பாய்ந்த நேரம் போய்விட்டது, இனி வழி ரன்னருக்குச் சொந்தம் என்கிறது விதி. கிரெய்க் கோட்டை விட்டு உள்பக்கமாக ஓடினாரே என்றும் கேட்கிறார்கள். ஃப்ரிஸ்கோ அம்மாவுக்குச் சொன்ன பதில்தான் இதற்கும்: அந்த நேரத்தில் அவரை யாரும் டேக் செய்ய முயலவில்லை, எந்தக் கோட்டில் ஓடுவது என்பது அவர் இஷ்டம்.

நியாயமாக விவாதிக்கக்கூடிய இடம் இன்னொன்று இருக்கிறது. இந்த வகைத் தடங்கலில் ஆட்டத்தை உடனே நிறுத்துவதில்லை. ஓடி முடிக்க விட்டு, தடுக்காமல் இருந்திருந்தால் எதுவரை போயிருப்பார் என்று அம்பயர் தீர்மானிக்க வேண்டும். ஹோமில் கிரெய்க் வெகுதூரம் பின்தங்கி இருந்திருந்தால், தடுக்காவிட்டாலும் அவுட்தான் என்று டெமுத் சொல்லியிருக்கலாம். அன்று தூரம் அவ்வளவு இல்லை. உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களின் விதிப் புத்தகம் இந்த இடத்தில் வேறு: தடங்கல் என்றாலே குறைந்தது ஒரு பேஸ் கொடுத்தாக வேண்டும். டிவியில் பார்த்ததை வைத்துப் பள்ளி மைதானத்தில் வாதாடும் அப்பாக்கள் இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பேஸுக்கு நேராக ஓடியதற்கே அவுட் கொடுத்தார்களே, டிரே டர்னர் என்ன தப்பு செய்தார்? (ஆஷ்பர்ன், வர்ஜீனியா)

2019 அக்டோபர் 29, ஹூஸ்டன், உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். வாஷிங்டன் 3-2 என்று முன்னிலையில் இருக்க, ஏழாவது இன்னிங்கில் அந்த அணியின் டர்னர் மெதுவாக ஒரு பந்தை உருட்டிவிட்டு ஓடினார். பிட்ச்சர் எடுத்து எறிந்த பந்து, அவர் பேஸை நெருங்கும்போது அவர் காலில் பட்டு விலகிப்போனது. ஹோம் பிளேட் அம்பயர் சாம் ஹோல்புரூக், குறுக்கிட்டதாக அவுட் கொடுத்து, முன்னால் ஓடிய கோம்ஸை முதல் பேஸுக்கே திருப்பி அனுப்பினார். நான்கு நிமிடத்துக்கு மேல் ஆட்டம் நின்றது. வாஷிங்டன் மேலாளர் டேவ் மார்ட்டினெஸ் கத்திய கத்தலில் அவரையும் வெளியேற்றினார்கள்.

ஹோமிலிருந்து முதல் பேஸ் 90 அடி. அதில் கடைசி 45 அடிக்கு, ஆடுகளத்தின் ஓர எல்லையான ஃபௌல் கோட்டுக்கு வெளியே 3 அடி தள்ளி இன்னொரு சுண்ணாம்புக் கோடு இருக்கும். இரண்டுக்கும் நடுவேதான் ஓட வேண்டும். உள்ளே ஓடி, பந்தைப் பிடிக்க நிற்பவருக்கு இடைஞ்சல் செய்தால் அவுட். டர்னர் அந்தச் சந்துக்குள் காலே வைக்கவில்லை. எழுத்துப்படி ஹோல்புரூக் செய்தது சரி.

ஆனால் எழுத்தே கோணலாக இருந்தது என்பது என் கருத்து. முதல் பேஸ் இருப்பது ஃபௌல் கோட்டுக்கு உள்ளே. ஓட வேண்டிய சந்து கோட்டுக்கு வெளியே. வலது கை ஆட்டக்காரர் நிற்பதும் உள்பக்கம். அதாவது உள்ளே இருந்து கிளம்பி, வெளியே போய், கடைசி எட்டில் மறுபடி உள்ளே வந்து பேஸைத் தொட வேண்டும். டர்னர் போல மின்னலாக ஓடுகிறவர் நேர்கோட்டில் ஓடியதற்குத் தண்டனை! இந்த விதியை ஒரு அம்பயர் வரி பிசகாமல் பார்ப்பார், இன்னொருவர் எறி சரியாக வந்ததா என்பதையும் சேர்த்துப் பார்ப்பார். அதனால் தீர்ப்புகள் ஊருக்கு ஊர் மாறின. கடைசியில் 2024ல் பெரிய லீக்கில் விதியையே மாற்றினார்கள். இப்போது ஃபௌல் கோட்டுக்கும் உள்புல்லுக்கும் நடுவே உள்ள மண் பகுதியிலும் ஓடலாம். 18 முதல் 24 அங்குலம் அகலம், அதுவே போதுமானது. உங்கள் பிள்ளையின் லீக் எந்தப் புத்தகத்தைப் பின்பற்றுகிறது என்று சீசன் தொடங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. இந்த விதிக்கு எறி நடந்திருக்க வேண்டும். கேட்ச்சர் பந்தை எறியாமல் வைத்துக்கொண்டு, "குறுக்கே ஓடுகிறான்" என்று என்னைத் திரும்பிப் பார்த்தால் நான் எதுவும் கொடுக்க மாட்டேன். விதி காப்பாற்றுவது பந்தைப் பிடிப்பவரை.

அப்புறம், அதே இன்னிங்கில் ஆண்டனி ரெண்டன் இரண்டு ரன் ஹோமர் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) அடித்தார். வாஷிங்டன் 7-2 என்று வென்றது. அதனால்தான் அந்தத் தீர்ப்பு ஒரு காயமாக நிற்கவில்லை.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன், இப்போது பேஸ்பால் பழகுகிறேன். இரண்டு அம்பயர்கள் ஒரே ஆட்டத்துக்கு இரண்டு தீர்ப்பு சொன்னால் யார் சொல் நிற்கும்? (சென்னை வாசகர்)

நல்ல கேள்வி. விதிப் புத்தகம் இதற்குத் தெளிவாக வழி சொல்கிறது. தலைமை அம்பயர் எல்லா அம்பயர்களையும் கூட்டிப் பேச வேண்டும். மேலாளரோ ஆட்டக்காரரோ பக்கத்தில் இருக்கக் கூடாது. யார் நல்ல இடத்தில் நின்று பார்த்தார், எந்தத் தீர்ப்பு சரிக்கு நெருக்கமானது, இந்த இரண்டையும் வைத்து அவர் முடிவு செய்ய வேண்டும். மூத்தவர் யார் என்பது அதில் கிடையாது. என் கூட்டாளி கேட்ட அந்த ஒற்றைக் கேள்விக்கும் வேர் இதுதான்.

1908ல் நியூயார்க்கில் நடந்ததைச் சொல்கிறேன். செப்டம்பர் 23, போலோ கிரவுண்ட்ஸ், ஜயண்ட்ஸும் சிகாகோ கப்ஸும். 1-1, ஒன்பதாவது இன்னிங், இரண்டு அவுட். மூன்றாவது பேஸில் ஒருவர், முதல் பேஸில் ஜயண்ட்ஸின் 19 வயது ஃப்ரெட் மெர்க்கல். பிரிட்வெல் பந்தை நடுவே அடித்தார், மூன்றாவது பேஸிலிருந்தவர் ஹோமைத் தொட்டார், கூட்டம் மைதானத்துக்குள் புகுந்தது. ஜெயித்தாகிவிட்டது என்று மெர்க்கல் இரண்டாவது பேஸைத் தொடாமலே உடை மாற்றும் அறை பக்கம் திரும்பிவிட்டார். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். கப்ஸின் ஜானி எவர்ஸ் பந்தைக் கேட்டு வாங்கி இரண்டாவது பேஸை மிதித்துக்கொண்டு, அவுட் என்று முறையிட்டார். களத்தில் இருந்த அம்பயர் பாப் எம்ஸ்லி, தான் பார்க்கவில்லை என்றார். பிளேட்டில் நின்ற ஹேங்க் ஓ'டே, பார்த்தேன், தொடவில்லை, அவுட் என்றார். அடித்தவர் பின்னால் வருவதால் அடுத்த பேஸுக்குப் போயே தீர வேண்டிய ரன்னர் மூன்றாவது அவுட் ஆனால் ரன் செல்லாது.

ஓ'டே ஏன் அதைக் கவனித்தார் தெரியுமா? 19 நாள் முன்பு, செப்டம்பர் 4 அன்று பிட்ஸ்பர்க்கில் எவர்ஸ் இதே முறையீட்டை இதே ஓ'டேயிடம் வைத்திருந்தார். அன்று ஓ'டே பார்க்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை. விதி ஏட்டில் இருந்தது, களத்தில் யாரும் கேட்டதில்லை. கேட்ட பிறகு அவர் பார்க்க ஆரம்பித்தார். ஆட்டம் சமனில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. சீசன் முடிவில் இரு அணிகளும் சரிசமமாக வந்ததால் அக்டோபர் 8 அன்று மறுபடி ஆடினார்கள், கப்ஸ் 4-2 என்று வென்றது. விதிப்படி ஓ'டே செய்தது சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எல்லோரையும் போல ஓடிய ஒரு 19 வயதுப் பிள்ளையின் தலையில் அது முதலில் விழுந்ததே என்று நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

அங்கிள், அம்பயர் தப்பு செய்தால் ஸாரி சொல்வாரா? (4ஆம் வகுப்பு, பிரிட்ஜ்வாட்டர், நியூ ஜெர்சி)

சொல்வார் கண்ணா. மேலே ஜிம் ஜாய்ஸ் என்று ஒரு அம்பயர் வந்தார் இல்லையா, அவர் கதைதான். 2010 ஜூன் 2, டெட்ராய்ட். அர்மாண்டோ கலராகா என்ற பிட்ச்சர் வரிசையாக 26 பேரை அவுட் ஆக்கியிருந்தார். இன்னும் ஒருவர் அவுட் ஆனால் பெர்ஃபெக்ட் கேம், அதாவது ஒருவரைக்கூட பேஸுக்கு விடாமல் முடித்த ஆட்டம். அந்த 27ஆவது ஆள் முதல் பேஸுக்கு ஓடும்போது பந்து முதலில் வந்தது. ஜாய்ஸ் சேஃப் என்று கை விரித்துவிட்டார். அப்போது இந்த மாதிரி ஓட்டத்துக்கு வீடியோ பார்த்துத் தீர்ப்பை மாற்றும் வழி கிடையாது. ஆட்டம் முடிந்து வீடியோவைப் பார்த்ததும் தப்பு தன்னுடையது என்று எல்லோரிடமும் ஒப்புக்கொண்டார், கலராகாவைக் கட்டிப்பிடித்து மன்னிப்பும் கேட்டார். மறுநாள் ஆட்டத்துக்கு ஜாய்ஸ்தான் ஹோம் பிளேட்டில். ஆட்டம் தொடங்கும் முன் அணியின் பெயர்ப் பட்டியலை அம்பயரிடம் கொடுக்க வேண்டும், அன்று அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் கலராகா. ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

நானும் சொல்லியிருக்கிறேன். மேலே எழுதினேனே, புல் ஓரமாக ஓடிய பையன், ஆட்டம் முடிந்ததும் அவன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தான். போய், "முதலில் நான் கொடுத்த அவுட் தப்பு, நீ சரியாகத்தான் ஓடினாய்" என்றேன். "தெரியும்" என்றான்.